உயிர்காப்புப் பயிற்சியும் நம் இளைஞரும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் உயர்கல்வியைப் பற்றியும் இடஒதுக்கீட்டைப் பற்றியும் பேச அறிஞர் பலர் வந்திருக்கிறார்கள். எமக்குத் தரப்பட்ட தலைப்பைப் படித்தபோது மட்டும் அவையில் சிலர் புன்முறுவல் பூத்ததைக் கவனித்தோம். நீச்சலுக்கும் கல்விச் சங்கத்துக்கும் என்ன தொடர்பு என்பது அவர்கள் வினா. நியாயமான வினாதான். விடையைச் சற்றுப் பின்னோக்கிச் சென்றுதான் சொல்லவேண்டும்.

தென் மாவட்டங்களின் கண்மாய்களில் மடை திறக்கும் பணி யாருடையது? நீர்க்கட்டி என்றும், நீர்பாய்ச்சி என்றும், மடைக்குடும்பன் என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஆயினும் பெரும்பாலான ஊர்களில் அப்பணியைச் செய்துவந்தவர்கள் நம் மக்களே. கண்மாய் நிறைந்து தளும்பும் நாளில், மூச்சடக்கி அடியாழம்வரை முங்கி, மடையின் அடைப்பைத் திறந்துவிட்டு, பாயும் நீரின் இழுப்பில் தாம் சிக்காமல் மேலே வரவேண்டும். வராமற் போனவர்களும் உண்டு. கிணறு வெட்டியவர்களும், கோடையில் இறங்கித் தூர் வாரியவர்களும் நம் முன்னோரே. ஊற்றுக் கண் திறந்து நீர் சுரந்ததும் அவர்கள் மேலேறி எட்ட நிற்கவேண்டியதாயிற்று. ஊர்க்கிணற்றில் எவரேனும் விழுந்து இறந்தால், உடலை எடுத்துத்தர நம் தெருவுக்கு ஆள் வரும். உயிரோடு ஒருவன் அந்த நீரில் நீந்தினால் தீட்டு. பிணத்தை எடுக்க இறங்கினால் தீட்டில்லை! இந்த நியாயத்தை வகுத்தவர்களின் அறிவை வியப்பதா, வெறுப்பதா?

ஆகவே நமக்கு நீர் தெரியாது என்று எவரும் சொல்லிவிட முடியாது. நமக்கு மறுக்கப்பட்டது குளிக்கும் துறையும், விளையாடும் நீரும், முறையாகக் கற்கும் இடமும்தான். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலைகளையும் பொதுக் கிணறு குளங்களையும் நம் மக்களுக்குத் திறந்துவிடக் கோரியது. 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி அண்ணல் அம்பேத்கர் நீர் அருந்தினார். ஆதிக்கச் சாதியார் நம் மக்களை அடித்து விரட்டியதோடு நில்லாமல், பஞ்சகவ்வியம் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். அந்தக் குளத்தின் மீது நமக்குள்ள உரிமையைப் பம்பாய் உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது 1937-இல். பத்து ஆண்டுகள் ஆயின. 1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். கடைகள், உணவு விடுதிகள் ஆகியவற்றோடு கிணறுகள், குளங்கள், படித்துறைகள் என்று பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. படித்துறை என்ற சொல் ஒரு நாட்டின் அரசியலமைப்பில் ஏன் வரவேண்டியிருந்தது என்பதை நம் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கவேண்டும். எழுதிய பின்னும் முடிந்ததா? 2018 சூன் மாதத்தில் மகாராட்டிர மாநிலம் சல்காவ் மாவட்டத்தில், கிணற்றில் குளித்தார்கள் என்பதற்காகச் சிறுவர்களின் ஆடையைக் களைந்து அடித்தார்கள்.

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததன்று. ஆத்திரேலியாவின் மோரி என்னும் ஊரில் நகராட்சி நீச்சல் குளம் அந்நாட்டின் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு மூடப்பட்டிருந்தது. 1965 பெப்ரவரியில் சிட்னிப் பல்கலைக்கழக மாணவர்கள் பேருந்து ஒன்றில் ஊர் ஊராகச் சென்று போராடினார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய சார்லசு பெர்க்கின்சு தாமே பூர்வகுடியினர். அவர்கள் மோரியின் பிள்ளைகளை அழைத்துக்கொண்டுபோய் அந்தக் குளத்தின் வாயிலில் நின்றார்கள். கடற்கரை உயிர்காப்புக்கு உலகப்புகழ் பெற்ற நாடு அது. 1907 முதலே அங்கு அதற்கென அமைப்பு உண்டு. எந்த நாட்டில் உயிர்காப்பைக் கலையாக வளர்த்தார்களோ, அந்த நாட்டிலேயே சில பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் மூடியிருந்தது.

நல்ல நீர் மூடப்பட்டால் பிள்ளைகள் நீரை விட்டுவிடுவதில்லை. கெட்ட நீரைத் தேடிப் போகிறார்கள். கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைக்கும், மணல் அள்ளிப் பள்ளமாகிப்போன ஆற்றுக்கும் போகிறார்கள். குவாரியில் கரை என்பதே இல்லை. ஓரடி எடுத்து வைத்தால் முப்பதடி ஆழம். ஏறிவரப் பிடிமானமும் இல்லை. ஆற்று மணற்பள்ளத்தில் மேலே முழங்கால் நீர் போலத் தெரியும். உலகச் சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி 2021-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் 5 வயது நிறையாத குழந்தைகள். நம் நாட்டில் மட்டும் ஆண்டுக்கு 30 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு மாள்கிறார்கள். செய்தித்தாளில் வரும் ஒருவகைச் செய்தியை நீங்கள் அனைவரும் படித்திருப்பீர்கள்: ஒருவனைக் காப்பாற்றக் குதித்த அண்ணனும், அண்ணனைக் காப்பாற்றக் குதித்த நண்பனும் சேர்ந்தே இறந்தார்கள் என்று. அந்த மூவரிடமும் அன்பு இருந்தது, துணிவும் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று, பயிற்சி.

இங்குதான் எமது விடை இருக்கிறது. உயிர்காப்பாளர் என்பவர் நன்றாக நீந்துபவர் மட்டுமல்லர். பார்க்கவும், காத்திருக்கவும், முறையறிந்து செயற்படவும் கற்றவர். கற்பது என்று வந்துவிட்டால் அது கல்விச் சங்கத்தின் வேலைதானே?

எப்போது தொடங்குவது? பதின்பருவமே தக்க பருவம். ஆத்திரேலியாவில் கடற்கரை உயிர்காப்பின் வெண்கலப் பதக்கப் பயிற்சிக்குக் குறைந்த வயது 15. இங்கிலாந்தில் நீச்சல் குளக் காப்பாளர் தகுதிக்கு 16. நம் நாட்டில் கோவாவிலுள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இத்தகைய பயிற்சிகளை நடத்துகிறது. சென்னையில் 1995-ஆம் ஆண்டுத் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்கெனக் கட்டப்பட்ட வேளச்சேரி நீச்சல் வளாகம் போன்ற அரசுக் குளங்களில் நீச்சல் கற்கலாம். பணம் படைத்தோர் சங்கங்களின் குளங்களை எதிர்பார்த்து நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆத்திரேலியத் தேர்வில் 400 மீட்டரை 9 நிமிடத்துக்குள் நீந்தவேண்டும். 25 மீட்டர் நீளமுள்ள குளத்தில் 16 முறை; ஒவ்வொரு முறைக்கும் ஏறத்தாழ 34 வினாடி. கேட்க எளிது. நம் பையன்கள் கிணற்றுமேட்டிலிருந்து அந்தர் பல்டி அடிப்பதில் வல்லவர்கள். ஆனால் 100 மீட்டர் தொடர்ந்து நீந்தச் சொன்னால் மூச்சு வாங்கும். (நீந்தவே தெரியாமல் ‘கடப்பாரை நீச்சல்’ தெரியும் என்று பெருமை பேசுவோரை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) காரணம், அவர்கள் தலையைத் தூக்கியபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நீந்துகிறார்கள். முகம் நீருக்குள் இருக்கும்போது மூச்சை வெளியே விடவும், திரும்பும்போது உள்ளே இழுக்கவும் பழகவேண்டும். முதல் மாதம் முழுவதும் இதற்கே போனாலும் பாதகமில்லை. இது கைவந்தபின், தலையை உயர்த்தி நீந்துவதைத் தனியாகப் பழகவேண்டும். காப்பாற்றப் போகிறவர் தாம் தேடிச்செல்லும் ஆளைக் கண்ணிலிருந்து விடலாகாது. பிறகு நிலைநீச்சல். கை இரண்டையும் நீருக்கு மேலே தூக்கிக்கொண்டு, காலை மட்டும் மாற்றி மாற்றிச் சுழற்றி இரண்டு நிமிடம் நிற்கமுடிந்தால் கால் உரம் பெற்றுவிட்டது என்று கொள்ளலாம். குளத்தின் அடியில் கிடக்கும் கல்லை முங்கி எடுத்து, அதை மார்போடு அணைத்து மல்லாந்து காலாலேயே நீந்திவருவதும் பயிற்சியில் ஒன்று. சட்டையும் காற்சட்டையும் அணிந்தபடி ஒருநாள் நீந்திப் பாருங்கள். நனைந்த துணியின் கனம் என்னவென்று அப்போது விளங்கும்.

ஒன்றை மிகக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். யார் அதிக நேரம் நீருக்கடியில் இருப்பது என்று பந்தயம் கட்டாதீர்கள். மூச்சுவிடும்படி நம்மைத் தூண்டுவது உடலில் சேரும் கரியமில வாயு. முங்குவதற்கு முன் பலமுறை வேகமாக ஆழ்ந்து மூச்சிழுத்தால் அந்த வாயு குறைந்துபோகும். உயிர்வளியோ அவ்வளவாகக் கூடுவதில்லை. மூச்சுவிடும் உந்துதல் எழுமுன்னரே நினைவு தவறிவிடும். வலிமையான நீச்சல்காரர்களே இப்படி ஓசையின்றி இறந்திருக்கிறார்கள்.

ஓசையின்மையைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும். மூழ்குகிறவர் கையை ஆட்டி, கூவி, உதவி கேட்பார் என்று திரைப்படம் நமக்குக் கற்பித்திருக்கிறது. நியூயார்க்கின் ஆர்ச்சர்டு கடற்கரையில் காப்பாளராக இருந்த பிராங்கு பியா என்பவர், மூழ்குவோரைப் படம்பிடித்து ஆராய்ந்து, உண்மை வேறு என்று காட்டினார். மூழ்குகிறவர் கூவ இயலாது. வாய் நீருக்கு மேலே வரும் கணத்தில் மூச்சிழுக்கவே நேரம் போதாது. கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டிருக்கும்; ஆட்ட முடியாது. உடல் நட்டகுத்தாக நிற்கும். இந்நிலை 20 முதல் 60 வினாடிவரைதான். பிறகு மூழ்கிவிடுவார். பக்கத்தில் குளித்துக்கொண்டிருப்பவருக்கே தெரியாது. ஆதலால்தான் நீச்சல் குளக் காப்பாளர்களிடையே ஒரு விதி வழங்குகிறது: தம் பொறுப்பிலுள்ள பரப்பைப் பத்து வினாடிக்குள் கண்ணால் அளந்துவிடவேண்டும், ஆபத்தைக் கண்டால் இருபது வினாடிக்குள் சென்று சேரவேண்டும். கண்ணுக்கும் பயிற்சி உண்டு என்பதை மறவாதீர்கள். அரை மணி நேரம் கைப்பேசியைத் தொடாமல் ஒரே நீர்ப்பரப்பைப் பார்த்துக்கொண்டிருக்க உங்களில் எத்தனை பேரால் முடியும்?

கண்டபின் என்ன செய்வது? குதிப்பது கடைசி. முதலில் கரையிலிருந்தே கழியோ கிளையோ நீட்டவேண்டும். எட்டாவிட்டால் கயிறோ, மூடியிட்ட காலிக் கேனோ, லாரி டியூபோ வீசவேண்டும். நீச்சல் பழக நம் பாட்டனார் கட்டிக்கொண்ட சுரைக்குடுக்கையும் இதற்கு ஆகும். அதற்கும் வழியில்லையெனில் படகோ பரிசலோ. எதுவுமே இயலாதபோது, பயிற்சி பெற்றவர் மட்டும், மிதவையுடன் இறங்கவேண்டும். 2020 ஆகத்தில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர் நால்வர் மூழ்கியபோது, அங்கிருந்த பெண்கள் மூவர் தம் புடவைகளை அவிழ்த்து வீசி இருவரைக் கரைசேர்த்தார்கள். தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது அளித்தது. எந்தப் பயிற்சிக் கையேட்டையும் படிக்காமல், கையேடு சொல்லும் முறையையே அவர்கள் பின்பற்றினார்கள். கூச்சத்தை உதறியதற்குத் தனியாகவே ஒரு விருது தந்திருக்கலாம்.

நீரில் இறங்கியவர், மூழ்குகிறவரை நேருக்கு நேர் நெருங்கலாகாது. அவர் கிடைத்ததைப் பற்றுவார். உங்கள் கழுத்தையே பற்றுவார். பேச்சுக் கொடுத்தபடி மிதவையை அவர் கைக்குத் தள்ளவேண்டும், அல்லது பின்புறமாகச் செல்லவேண்டும். பற்றிவிட்டால் மேலே திமிறாதீர்கள், கீழே முங்குங்கள். அவருக்கு வேண்டியது காற்று. நீங்கள் கீழே போனால் அவர் பிடியை விட்டுவிடுவார். கடலில் உள்ளே இழுத்துச்செல்லும் ஓட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்காமல், கரைக்கு இணையாக நீந்தி அந்த ஓட்டத்தைக் கடக்கவேண்டும்.

கரைசேர்த்தபின் நம் ஊர்களில் நடப்பதைப் பார்த்திருக்கிறோம். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவார்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பார்கள். இவை இரண்டும் கேடு, நேரமும் வீண். மூழ்கியவருக்குக் குறைந்தது உயிர்வளி. மூச்சில்லையெனில் உடனே மல்லாத்தி, தலையைப் பின்சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து மூச்சைச் செலுத்தவேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில், பெரியவராயின் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 என்னும் வேகத்தில் 30 முறை அழுத்தி, 2 முறை மூச்சூதி, இதையே தொடரவேண்டும். இன்னொருவர் 108-ஐ அழைக்கவேண்டும். தொட்டால் தீட்டு, நிழல் பட்டால் தீட்டு என்று நம் பாட்டன்மாரை ஒதுக்கிய ஊரில், நம் பேரப்பிள்ளை ஒருவன் தன் மூச்சை இன்னொருவர் நெஞ்சுக்குள் செலுத்துவான். அந்நேரத்தில் சாதி கேட்பவர் எவரும் இருக்கமாட்டார்.

பிழைப்பாக இதனை எடுத்துக்கொள்ளலாமா என்று பெற்றோர் கேட்பீர்கள். மிகைப்படுத்திச் சொல்ல விரும்பவில்லை. குளங்களிலும் கேளிக்கைப் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் வேலைகள் உண்டு. பல ஒப்பந்த வேலைகள், ஊதியமும் பெரிதன்று. சென்னை மெரினாவில் காவல் நிற்போருள் மீனவ இளைஞர்கள் இருக்கிறார்கள். பிறந்தது முதல் கடல் அவர்கள் வாசலில் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பில்லை, பயிற்சியால்தான் ஈடுகட்டவேண்டும். தீயணைப்புத் துறைக்கும் பேரிடர் மீட்புப் பணிக்கும் செல்ல விரும்புவோர்க்கு இந்தத் திறன் கைகொடுக்கும். படிப்பை நிறுத்திவிட்டு இதற்கு வரவேண்டாம். படிப்போடு சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே எமது கருத்து.

வருகின்ற கோடையில் சங்கத்தின் சார்பில் பயிற்சி தொடங்கவிருக்கிறோம். 14 வயது நிறைந்த மாணவரும் மாணவியரும் பெயர் கொடுக்கலாம். பெண்களுக்கு வேறு நேரம். பெண் பயிற்றுநரே கற்றுத்தருவார். பெண்பிள்ளைக்கு நீச்சல் எதற்கு என்று கேட்கும் தகப்பன்மார்க்குக் கொட்டரைப் பெண்களை நினைவூட்டுகிறோம். வலிப்பு, இழுப்பு, காதில் சீழ், இதயக் கோளாறு ஆகியன இருந்தால் மறைக்காமல் சொல்லி, மருத்துவர் சான்று பெற்று வாருங்கள். வயிறு நிறைய உண்டுவிட்டு வரவேண்டாம். முதல் வாரம் எவரையும் ஆழத்தில் இறக்கமாட்டோம். தாய்மார்கள் விரும்பினால் வந்து கரையில் அமர்ந்து பார்க்கலாம். அவர்களுக்கும் கயிறு வீசக் கற்றுத்தருவோம்.