ஒரே வேர்: லினக்ஸின் அடைவுகள்

லினக்ஸில் சி டிரைவ், டி டிரைவ் என்ற பிரிவுகள் கிடையாது. எத்தனை வன்தட்டுகள் இருந்தாலும் எல்லாக் கோப்புகளும் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. அந்த வேரின் பெயர் ரூட். அடையாளம், ஒரு சாய்கோடு.

கர்நாடகத்தின் ஆனேக்கலில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. மாநிலத்தின் நிலப்பதிவுத் தளமான பூமியில் பஹணி என்ற நில ஆவணத்தைப் பார்க்க முதலில் மாவட்டம், பிறகு ஆனேக்கல் தாலுகா, ஜிகணி ஹோபளி, பன்னேருகட்டா கிராமம், கடைசியில் சர்வே எண் என்று இறங்க வேண்டும். லினக்ஸ் கோப்பின் பாதையும் அப்படியே வேரிலிருந்து இறங்குகிறது. ஒவ்வொரு படிக்கும் இடையில் சாய்கோடு. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே வெவ்வேறு என்பதைப் புதியவர்கள் தொடக்கத்திலேயே மனத்தில் வைப்பது நல்லது. ஒரே எழுத்து மாறினாலும் கோப்பு கிடைக்காது.

வேருக்கு அடுத்த கிளைகளில் முதலில் பழக வேண்டியது ஹோம். பயனர் ஒவ்வொருவருக்கும் அதில் தனி அடைவு உண்டு. படம், பாடம், கடிதம் எல்லாம் அங்கேதான். நிர்வாகியின் வீடு மட்டும் தனியே, அதன் பெயரும் ரூட். வேரையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

எட்சி என்ற அடைவில் கணினியின் அமைப்புக் கோப்புகள் இருக்கின்றன. பெரும்பாலும் வெறும் உரை என்பதால் திறந்து படிக்கலாம். திருத்தத்தான் நிர்வாகியின் அனுமதி வேண்டும். கணினி தடுமாறினால் காரணத்தைத் தேட வேண்டிய இடம் வார் அடைவுக்குள் உள்ள லாக். நிரல்கள் யூஎஸ்ஆரில், லினக்ஸின் கருவான கெர்னல் பூட்டில். டெம்ப் தற்காலிகமானது, பல கணினிகளில் மறுதொடக்கத்தின்போதே காலியாகிவிடும், எனவே வேண்டியதை அங்கே வைக்கக் கூடாது.

ப்ராக் விந்தையானது. அதிலுள்ள கோப்புகள் வன்தட்டில் இல்லை. இயங்கும் கணினியின் நிலையைக் கெர்னலே கேட்ட நொடியில் எழுதிக் காட்டுகிறது.

இந்தப் பெயர்களுக்கு 1994இலேயே பொது நெறி வகுக்கப்பட்டது. அதனால் ஒரு லினக்ஸ் வகையில் பழகியது மற்றதிலும் உதவும். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய அதிலும் இதே ஹோம், இதே எட்சிதான்.

பென் டிரைவைச் செருகினால் புது எழுத்து தோன்றாது. மீடியா அடைவின் கீழே அது இன்னொரு கிளையாக ஒட்டிக்கொள்ளும். எழுதிய தரவு முழுவதும் போய்ச் சேர, பிடுங்குமுன் அந்தக் கிளையை முறைப்படி விடுவிக்க வேண்டும்.