கோடைமலைக்குப் போய் வந்தோம்

(பங்கின் யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

யூபிலி ஆண்டின் நினைவாக நம் பங்கிலிருந்து ஒரு வேன் நிறையப் பேர் கோடைக்கானல் சென்று வந்தோம். அதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி எங்களைப் பணித்திருக்கிறார்கள். யாத்திரை என்றால் வேளாங்கண்ணி இருக்கிறதே, பணம் படைத்தவர்கள் போகும் குளிர்மலையில் நமக்கென்ன வேலை என்று புறப்படும் முன்பே கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை எங்களுக்கு இருக்கிறது.

விடியற்காலை மூன்று மணிக்குத் திருவரங்குளத்தை விட்டோம். புதுக்கோட்டை, இலுப்பூர், விராலிமலை, மணப்பாறை வழியாகத் திண்டுக்கல் வரை சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. மணப்பாறையில் முறுக்கு வாங்கினோம், அவ்வளவுதான். வத்தலக்குண்டு கடந்து காட்ரோட்டில் மலை ஏறத் தொடங்கியதும் வேனுக்குள் பேச்சு நின்றுவிட்டது. வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழம் கை மாறியது. டம்டம் பாறைக்கு அருகே இறங்கி நின்றபோதுதான் எல்லாருக்கும் உயிர் வந்தது. எதிர்மலையில் 975 அடி உயரத்திலிருந்து தலையாறு அருவி விழுகிறது. எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பெயர் பொருத்தம்தான். கீழே மஞ்சளாறு அணை ஒரு தாம்பாளத்து நீர் போலத் தெரிந்தது. மேலே போகப் போக வெள்ளி நீர்வீழ்ச்சி வருகிறது. அங்கே குரங்குகளிடம் மீதி முறுக்கைப் பறிகொடுத்தோம்.

கோடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் வெயிலுக்கும் நோய்க்கும் தப்பி 1845இல் அங்கே வீடு கட்டிக் குடியேறினார்கள். அங்குள்ள ஏரியை இயற்கையாக அமைந்தது என்றே எங்களில் பலர் எண்ணியிருந்தோம். அப்படியல்ல. மதுரைக் கலெக்டராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர் 1863இல் ஓடைக்குக் குறுக்கே கரை போட்டுத் தேக்கியது அது. பரப்பு சுமார் 60 ஏக்கர். நம் பக்கத்துக் கண்மாய் எப்படி உண்டாயிற்றோ அப்படித்தான் அதுவும் உண்டாயிற்று. அதில் நிரம்பி வழியும் நீரே வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. கண்மாய் வெட்டிய இனத்தவராகிய நாம் அந்தக் கரையில் கூச்சப்படாமல் நடக்கலாம்!

மறுநாள் காலை சலேத் மாதா ஆலயத்தில் திருப்பலி கண்டோம். 1866இல் எழுந்த கோயில் அது. கட்டியவர் பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைக் குருவாகிய சேன்சீர் அடிகள். சலேத் என்பது பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஒரு சிற்றூர். அங்கே 1846 செப்டம்பர் 19ஆம் நாள் மெலானி, மாக்சிமின் என்ற இரு பிள்ளைகள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தபோது, ஓர் அழகிய பெண்மணி முகத்தைக் கைகளில் புதைத்து அழுதுகொண்டிருக்கக் கண்டார்கள். மெலானிக்கு வயது 14, மாக்சிமினுக்கு 11. கிரெனோபிள் ஆயர் 1851இல் அந்தக் காட்சியை ஏற்று அறிவித்தார். அன்னை அவர்களிடம் பேசியவற்றுள் உருளைக்கிழங்கு அழுகிப்போனதும், கோதுமை பொடியாகப் போவதும், திராட்சை கெடுவதும் உண்டு. விளைச்சல் பொய்த்த வீட்டின் துயரத்தைப் பேசிய தாய் அவர். ஆல்ப்ஸுக்குப் போக நமக்கு வசதியேது? ஆனால் அந்த மலையின் பெயரைச் சுமந்த கோயில் நம் ஊரிலிருந்து ஒரு நாள் வழியில் இருக்கிறது. எங்களோடு வந்த பெரியம்மா ஒருவர் அந்த வரலாற்றைக் கேட்டு, "நம்ம கடலைக்கும் சேர்த்துத்தான் அழுதிருக்காங்க" என்றார். ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் அங்கே திருவிழா.

இனி நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்த செய்தி. வனத்துறையின் அனுமதி பெற்றுப் பேரிஜம் ஏரிக்குச் சென்றோம். காட்டின் நடுவே, கடை கண்ணி இல்லாத அமைதியான ஏரி. கீழே பெரியகுளம் மக்கள் குடிப்பது அந்த நீரைத்தான். போகும் வழியெல்லாம் உயர்ந்து நின்ற பைன், தைலமரம், வாட்டில் மரங்களைப் பார்த்து, இதுவல்லவோ காடு என்று வியந்தோம். அவையெல்லாம் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவை. தைலமரமும் வாட்டிலும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. தோல் பதனிடப் பட்டை வேண்டுமென்று வாட்டிலையும், விறகுக்கும் மற்றத் தேவைகளுக்கும் ஏனையவற்றையும் வைத்தார்கள். அந்த மலையின் சொந்தக் காடு சோலை. பள்ளத்தில் குட்டையான மரங்கள் பாசி படர்ந்து நெருங்கி நிற்கும், மேட்டில் புல்வெளி. மழை நீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஓடையில் கசிய விடுவது இந்தச் சோலையும் புல்லுமே. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிக்கும் அந்தப் புல்வெளியே வீடு. 2018இல் பூத்தது, இனி 2030இல் பூக்க வேண்டும். நட்ட மரங்கள் பெருகப் பெருகப் புல்வெளி சுருங்கிவிட்டது. 2013இல் அரசு அந்த மலைக்காட்டை வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. ஆனாலும் அந்நிய மரங்களை ஒரேயடியாக வெட்டுவது சரியா என்பதில் கற்றறிந்தோர் ஒருமனப்படவில்லை. வாட்டில் நிழலில் சோலைக் கன்றுகள் முளைப்பதையும் கண்டிருக்கிறார்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரக் காப்பகத்தை நடத்திய சேசு சபைக் குரு கே. எம். மேத்யூ, அந்த மலையின் செடி கொடிகளைப் பற்றியே 1999இல் பெருநூல் வெளியிட்டார். ஒரு குருவானவர் செடிகளுக்காக ஆயுளைச் செலவிட்டார் என்பது எங்களுக்கு மகிழ்ச்சியான செய்தி.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறோம்? நம் ஊரைச் சுற்றிலும் அதே தைலமரந்தான் நிற்கிறது. மலைமேல் 7,000 அடியில், மழை கொட்டும் இடத்திலேயே அது நீருக்குக் கேடு என்று பேசுகிறார்கள். நாமோ வானம் பார்த்த பூமியில் இருக்கிறோம். நம் ஆழ்குழாய்க் கிணறுகள் இந்தத் தலைமுறையில் எத்தனை அடி கீழே போயின என்பது இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். கூலிக்குத் தைலமரம் வெட்டப் போகிறவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் பிழைப்பையும் மறந்து பேச முடியாது. ஆயினும் கோயில் நிலத்திலும் நம் வீட்டு எல்லையிலும் இனி என்ன மரம் வைக்கிறோம் என்பதாவது நம் கையில் இருக்கிறது. வேம்பும் புங்கனும் இலுப்பையும் வைக்கலாம் என்று வேனிலேயே பேசிக்கொண்டு வந்தோம். பங்குப் பேரவை இதை எடுத்துப் பேசவேண்டும் என்பது எங்கள் விண்ணப்பம்.

அடுத்த தடவை போகிறவர்களுக்கு இரண்டொரு செய்தி. உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கோடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் முறை வந்தது. வண்டி எண்ணைக் கொடுத்து முன்கூட்டியே எடுத்துவிடவேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் மலையில் ஆகாது. நாங்கள் எவர்சில்வர் குடத்தில் கொண்டுபோனோம், சௌகரியமாகவே இருந்தது. கம்பளி இல்லாதவர்கள் இரண்டு போர்வையாவது எடுத்துக்கொள்ளுங்கள். புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு வாங்கி வந்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் வாசலில் தாய்மார்கள் பெற்றுக்கொள்ளலாம்.