‘வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்ன பிறகு
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



பார்க்கின்சன், மறதி நோய், மோட்டார் நியூரான் நோய். மூன்றுமே நரம்புச் செல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிப்பவை. முழுதாகக் குணப்படுத்த மருந்து இல்லை. “வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று டாக்டர் சொன்னதும், இனி செய்ய ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுகிறோம். நோய் ஆதரவு சிகிச்சை, அதாவது பாலியேட்டிவ் கேர், அதற்கு முன்பே தொடங்க வேண்டியது.

அது புற்றுநோய்க்கு மட்டும் என்பதும் தப்பு. 1967-ல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய ஹாஸ்பிஸில் மோட்டார் நியூரான் நோயாளிகளையும் வைத்துப் பார்த்தார்கள். நமக்குப் பக்கத்தில் கோழிக்கோட்டில் 1993-ல் ஆரம்பித்தவர்கள், பிற்பாடு அக்கம்பக்கத்தாருக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். நமக்குத் தோதானது இந்த வழிதான்.

ஏனென்றால் நம் ஊரில் மகனும் மருமகளும் பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் போய்விடுவார்கள். படுத்திருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை யார் திருப்பிப் படுக்க வைப்பது? விட்டால் படுக்கைப் புண் வரும். சாப்பாடு அதைவிடக் கவனம். விழுங்கும் தசை தளர்ந்தவருக்குப் படுத்தபடியே தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகிவிடும். இந்த நோயாளிகள் பலரின் உயிர் அதில்தான் போகிறது. நேராக உட்கார வைத்து, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய்.

2021-ல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை தருவது எல்லாருக்கும் தெரியும். பிசியோதெரபியும் நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வரும் என்பது தெரிவதில்லை. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பேசக் கூச்சமான ஒன்று. குழாய் வழி உணவு, வென்டிலேட்டர் வேண்டுமா என்பதை அவருக்கு நினைவும் பேச்சும் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். இதை முன்கூட்டி எழுதிவைப்பதை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றது. 2023-ல் முறையை எளிதாக்கியது: 2 சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்து. ஐசியூ வாசலில் பிள்ளைகள் சண்டை போடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

சங்கத்திடம் ஒரு கோரிக்கை. மூச்சுக் கருவி, சளி உறிஞ்சும் மெஷின் வைத்திருக்கும் வீட்டுக்கு ஜெனரேட்டரிலிருந்து தனி லைன் கொடுங்கள். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்று இந்த வாரமே அளந்து பாருங்கள். வாரத்தில் 2 மணி நேரம் இப்படிப்பட்ட வீட்டில் போய் உட்கார முடிந்தவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். கவனித்துக்கொள்பவர் அந்த நேரத்தில் கொஞ்சம் தூங்கட்டும்.