காட்சிக்கு ஒரு காம்பரா

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)

இன்றைய உரையை ஒரு புகைப்படத்திலிருந்து தொடங்குகிறேன். பதுளை, பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஜப்பானுக்கு வேலைக்குப் போன பையன் ஒருவன் தன் தாயாருக்குக் கைத்தொலைபேசியில் அனுப்பிய படம் அது. கறுத்த அங்கி, இடுப்பிலே நீண்ட வாள், பின்னணியில் வரிசையாகப் பழங்கால மரவீடுகள். தாயார் பதறிப்போனார். "எம்புள்ள நாடகத்துல கீடகத்துல சேந்துட்டானோ?" என்று கேட்டுக்கொண்டு படத்தை எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தார். என் பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "நாடகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. முனியாண்டி வேசம் கட்டியிருக்கான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

பையனிடம் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. ஜப்பானில் நிக்கோ என்ற மலைப்பகுதியில், 1986ஆம் ஆண்டிலிருந்து ஒரு பழைய ஊர் இருக்கிறது. 'பழைய ஊர் இருக்கிறது' என்பதைவிட, 'பழைய ஊரொன்றைப் புதிதாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்' என்பதே சரி. எடோ என்பது தோக்கியோவின் பழைய பெயர். 1603 முதல் 1868 வரையான எடோ காலத்துத் தெரு, கடை, சாவடி, நாடகக் கொட்டகை எல்லாவற்றையும் அங்கே அமைத்திருக்கிறார்கள். வேலை செய்பவர்கள் அந்தக் காலத்து உடையில் உலவுகிறார்கள். வருபவரும் வாடகைக்கு உடை எடுத்து சாமுராய் வீரனாகவோ சீமாட்டியாகவோ ஒரு பகல் நடமாடலாம். மாலையில் வாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏற வேண்டியதுதான்.

எடோ காலத்து மக்களிலே சாமுராய் வகுப்பினர் பத்தில் ஒருவர்கூட இல்லை. பெரும்பான்மையோர் விவசாயிகள், விளைச்சலில் பெரும்பங்கை அரிசியாகவே வரி கட்டியவர்கள். ஆனால், காசு கொடுத்து உள்ளே போகிறவர் வரி கட்டும் விவசாயியாக நிற்க விரும்புவாரா? மாட்டார். நமக்கு வாள்தான் வேண்டும். இறந்தகாலத்துக்குச் சுற்றுலாப் போகும்போது எல்லோரும் மேட்டு வீட்டிலேயே இறங்க விரும்புகிறோம்.

ஊவாவுக்குப் பழமை தேடி வருபவருக்கும் இங்கே குறையில்லை. அப்புத்தளையில் அடிசம் மாளிகை இருக்கிறது. சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர், இங்கிலாந்தின் லீட்ஸ் கோட்டையை மனதில் வைத்து 1931இல் கட்டுவித்தது. இன்று அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். வரவேற்பறையையும் நூலகத்தையும் பழைய தளபாடங்களோடு பார்க்கலாம்; துறவிகள் செய்யும் ஜாம் போத்தலொன்றும் வாங்கி வரலாம். (நல்ல ஜாம்தான், மறுப்பதற்கில்லை.) தம்பேதன்னையில் லிப்டன் கட்டிய தொழிற்சாலை இருக்கிறது. அதற்கு மேலே, அவர் அமர்ந்து தன் மலைகளைப் பார்த்தார் என்று சொல்லப்படும் இடத்தில், இன்று சிலையாக அமர்ந்திருக்கிறார். 1890இல் இலங்கைக்கு வந்தவர் இன்னும் எழுந்து போகவில்லை. எல்லப் பக்கத்திலே வெளிநாட்டுப் பெண்கள் சேலை சுற்றி, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிப் படம் எடுத்துக்கொள்வதையும் காண்கிறோம். சாமுராய் வேடத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சாமுராய் இன்று உயிரோடு இல்லை. கூடை சுமப்பவள் அடுத்த மலையிலே நிற்கிறாள்.

துரைமாருடைய பழமை ஊவாவிலே பத்திரமாக இருக்கிறது. லயத்தினுடைய பழமையைப் பார்க்க வேண்டுமானால் கண்டி மாவட்டத்துக்குப் போகவேண்டும். கம்பளைக்கு அருகே பீக்கொக் தோட்டத்தில், பழைய லயக் காம்பராக்களிலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்சாலை ஒன்று 2007இல் நிறுவப்பட்டது. கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் முயற்சி அது. சில ஆண்டுகளுக்கு முன், பெரியம்மாவை அங்கே அழைத்துப் போனேன்.

பெரியம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. லயத்தில் பிறந்து, பதினான்கு வயதில் பேர் பதிந்து, நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். ரயிலில் என்றால் எங்கேயும் வருவார். பதுளையில் ஏறினோம். தெமோதரை வளையத்தில் ரயில் தன் பாதையையே சுற்றிக் கீழே நுழைந்தபோது, நூறாவது தடவையாக ஆச்சரியப்பட்டார். பட்டிப்பொலையில் குளிருக்குக் கம்பளியை இழுத்துப் போர்த்தியவர், கம்பளையில் இறங்கும்வரை அதை எடுக்கவில்லை.

அரும்பொருட்சாலை வாசலில் நின்று அவர் கேட்ட முதற் கேள்வி: "இது லயம்தானடா தம்பி. மியூசியம் எங்க?"

"இதுதான் பெரியம்மா மியூசியம். உள்ள வாங்க."

உள்ளே அம்மி, உரல், பித்தளைப் பாத்திரங்கள், கூடை, தோட்டத்து ஆயுதங்கள், தப்பு, பழைய பத்திரங்கள், படங்கள். நான் பத்திரங்களின் பக்கம் ஒதுங்கினேன். 'துண்டு' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். தொழிலாளி கங்காணிக்குப் பட்ட கடனை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அதைத் தீர்க்கிறோம் என்று ஏற்றுக்கொண்டால்தான் இன்னொரு தோட்டம் ஆளை எடுக்கும். கடனோடு சேர்த்து ஆளும் கைமாறும். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். கழுத்திலே இலக்கம் பொறித்த தகரவில்லையைத் தொங்கவிட்டு இராமேசுவரக் கரையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இப்படியெல்லாம் நான் எனக்குள் உருகிக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா உருகவில்லை. அவர் காம்பராவைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். அடுப்புப் பக்கத்துச் சுவரைத் தடவி விரலைப் பார்த்தார். "சாமானெல்லாம் சரிதான். பொகை எங்க?" என்றார். உண்மைதான். லயத்துச் சுவரும் கூரைத் தகரமும் புகையேறிக் கறுத்து மினுங்கும். சேலையில், கம்பளியில், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அந்த வாசம் இருக்கும். ஆட்டுக்கல்லைப் பெருக்கித் துடைத்து வைக்கலாம். புகையை எப்படி வைப்பது?

பிறகு இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்தார். அங்கே வைத்துக் கேட்ட கேள்வியைத்தான் இன்றும் நான் சுமந்துகொண்டிருக்கிறேன்.

"இந்தக் காம்பராவுல இப்ப யாரு குடியிருக்கா?"

"யாரும் இல்ல பெரியம்மா. பாக்குறதுக்குத்தான்."

"ஓட்டையில்லாத கூரை. எந்தக் குடும்பத்துக்காச்சும் குடுத்திருக்கலாமே."

நேயர்களே, அந்த அரும்பொருட்சாலையை நான் குறைசொல்ல வரவில்லை. அப்படி ஒன்று இல்லாவிட்டால் துண்டு என்ற சொல்லே நம் பிள்ளைகளுக்குத் தெரியாமற் போகும். அதை உண்டாக்கியவர்களுக்கு மலையகம் கடமைப்பட்டது. ஆனால், பெரியம்மாவின் கேள்வி என்னை வேறு பக்கம் திருப்பியது.

ஹவாய்த் தீவுகளிலே வைப்பாகு என்ற ஊரில், கரும்புத் தோட்டத் தொழிலாளர் கிராமம் ஒன்று 1992இல் காட்சிக்கெனத் திறக்கப்பட்டது. சீனர், ஜப்பானியர், போர்த்துக்கேயர், கொரியர், பிலிப்பினோக்கள் என்று கூலிக்கு வந்த ஒவ்வோர் இனத்தாரின் வீடும் அங்கே அமைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தொழிலாளரும் இலக்கம் பொறித்த வில்லை அணிந்தவர்களே. 'பாங்கோ' என்று அதற்குப் பெயர். இலக்கம் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல். நம் தகரவில்லைக்குக் கடல் கடந்த உடன்பிறப்பு! ஜப்பானிலேயே, இனுயாமா நகரில் 1965இல் திறக்கப்பட்ட மெய்ஜி கிராமத்திலே, பழைய கட்டடங்களைப் பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள். நாவலாசிரியர் நட்சுமே சோசெகி குடியிருந்த வீடு அங்கே உண்டு. பிரேசிலுக்குப் பிழைக்கப் போன ஜப்பானியக் குடும்பத்தின் வீடொன்றும் கடல்கடந்து வந்து அதே கிராமத்தில் நிற்கிறது. எழுத்தாளன் வீட்டுக்குக் கிடைத்த மரியாதை பஞ்சம் பிழைக்கப் போனவன் வீட்டுக்கும். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

ஆனால், வைப்பாகுவின் கரும்பாலை 1995இல் மூடப்பட்டது. ஹவாயின் கடைசிக் கரும்பாலையும் 2016இல் மூடப்பட்டது. அங்கே பேரன் வந்து 'இங்கேதான் என் பாட்டன் இருந்தான்' என்று சொல்லும்போது, அந்த 'இருந்தான்' உண்மையான இறந்தகாலம். நம்முடைய கதை அப்படியா? கம்பளையில் கண்ணாடிக்குள் இருக்கும் வாழ்க்கை, பசறையிலும் லுணுகலையிலும் இன்றைக்கும் காலை பிரட்டுக்குப் போகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிலே ஒரு பாதியில் அடுப்பும் மறுபாதியில் மூன்று தலைமுறையும் இருக்கும் வீடுகளை நான் உங்களுக்கு நாளைக்கே காட்டுவேன். பெருக்கித் துடைத்து வைத்தவையல்ல, புகையோடு. காலம் போய்விட்டது என்று பெயர்ப்பலகை மாட்டியபிறகும் போகாமல் உட்கார்ந்திருக்கும் காலம் நம்முடையது.

அப்படி உட்கார்ந்திருந்ததால் நேர்ந்தது என்ன என்பதும் ஊவாவுக்குத் தெரியும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, குடிகளை எழுப்ப வேண்டும் என்று 2005இலும் 2011இலும் அறிவுறுத்தப்பட்டிருந்தது. தப்பிய குடும்பங்களுக்காக மக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டி 2016இல் கொடுத்தார்கள். தனி வீடு, தனிச் சுவர். மலை விழுந்தபிறகு கிடைத்த சுவர்.

இது இலக்கியத் தொடர். நான் இலக்கியத்துக்கு வரவில்லையே என்று சிலர் நினைக்கலாம். வருகிறேன்.

காம்பராவைக் காட்சிக்கு வைக்கும்போது பகலைத்தான் வைக்க முடியும். அரும்பொருட்சாலை மாலையில் பூட்டப்படும். லயத்துக் காம்பராவின் உண்மையோ இரவிலேதான் இருக்கிறது. நடுச்சுவர் கூரைவரை எட்டாது. அடுத்த வீட்டு இருமல் நம் வீட்டில் இருமும். வளர்ந்த பிள்ளைகளுக்கும் தாய் தகப்பனுக்கும் நடுவே கயிற்றிலே ஒரு பழஞ்சேலை. இந்த இரவை எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் வைக்க இயலாது. வைத்தவர் ஒருவர் உண்டு. ஊவா கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து, பதுளைப் பகுதித் தோட்டமொன்றின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப். அவருடைய 'மீன்கள்' சிறுகதையைப் படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒற்றைக் காம்பராவிலே படுத்துறங்கும் குடும்பத்துக்கு இருட்டு என்ன செய்யும் என்பதைக் கூச்சலில்லாமல் சொன்ன கதை. படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருக்கும். 1974இல் வெளிவந்த தன் நாவலுக்கு அவர் வைத்த பெயர் 'காலங்கள் சாவதில்லை'. அவர் 2022இல் காலமானார். அந்தத் தலைப்பை மட்டும் யாராவது ஒவ்வொரு லயத்து முகப்பிலும் எழுதிவைத்தால், அதற்கு மேல் பெயர்ப்பலகை தேவையில்லை.

சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாய்க் கேட்டுத் திரட்டிய நாட்டார் பாடல்களும் இப்படித்தான். தப்பை ஆணியில் மாட்டி வைக்கலாம். அதன் சத்தத்தை வைத்திருப்பவை அவர் திரட்டிய பாடல்கள்.

பதுளையிலும் இப்படி ஓர் அரும்பொருட்சாலை வேண்டும் என்று முன்பெல்லாம் மேடைதோறும் பேசி வந்தவன் நான். இன்றைக்கும் வேண்டும் என்பேன். ஆனால் அதற்காகப் பிடிக்கும் காம்பரா, குடியிருந்தவர்கள் நல்ல வீட்டுக்குப் போனபிறகு காலியான காம்பராவாக இருக்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்வேன். அந்தத் திருத்தம் பெரியம்மாவுடையது.

திரும்பி வரும் ரயிலில் அவரிடம் மெல்லக் கேட்டேன். காலஞ்சென்ற பெரியப்பாவின் கவ்வாத்துக் கத்தி ஒன்று அவரிடம் இருக்கிறது. பிடி தேய்ந்து, அவர் கைக்கே அளவெடுத்த மாதிரி குழிந்திருக்கும். "அத மியூசியத்துக்குக் குடுப்போமா பெரியம்மா? பெரியப்பா பேரப் போட்டு வைப்பாங்க."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புத்தளை தாண்டி மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

"குடுத்துட்டு நான் வெறகுக்கு என்னா பண்றது?" என்றார்.