பூத்த பிறகும் தொட்டியைக் கவிழ்க்காதீர்கள்

சிலிப்பர் ஆர்க்கிட் பூத்து ஓய்ந்ததும், இனி இது பூக்காது என்று சிலர் தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். பூத்த இலைக்கொத்து மறுபடி பூக்காது, அது உண்மை. ஆனால் செடி முடிந்துபோகவில்லை. வாழையை நினைத்துக்கொள்ளுங்கள். குலை தள்ளிய மரம் மீண்டும் தள்ளாது. பக்கக் கன்றுதான் அடுத்த குலையைத் தரும். இந்த ஆர்க்கிட்டும் அப்படித்தான். பழைய கொத்தின் அடியில் புதுக்கொத்து முளைக்கும். அது முதிர்ந்த பிறகுதான் பூக்கும். ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை புதுக்கொத்துக்குத் துணை, பழைய இலைகள்தான்.

உரத்தைக் கூட்டினால் சீக்கிரம் பூக்காதா என்று கேட்பீர்கள். பூக்காது. உரம் மிகுந்தால் வேர்தான் கருகும். சரி, சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற நம் ஊர்களின் சூட்டில் இது வளருமா? இனத்தைப் பொறுத்தது. குனோங் ஜெராய் மலையில் வளரும் இனங்கள் குளிர்ச்சியைத் தேடும். லங்காவியின் சுண்ணாம்புப் பாறைகளில் வளரும் வெள்ளைப்பூ இனம் நிவியம். அது நம் சூட்டைத் தாங்கும். உச்சிவெயில் மட்டும் படக்கூடாது. சிலிப்பர் ஆர்க்கிட்டுக்கு நீர் சேமிக்கும் தடித்த தண்டு இல்லை. அதனால் வேர் முழுக்கக் காயவும் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. செடியைப் பாறையிலிருந்து பிடுங்கி வராதீர்கள். நர்சரியில் வளர்த்ததையே வாங்குங்கள். பூ வாடினால் பூக்காம்பை மட்டும் வெட்டுங்கள். இலைக்கொத்தை விட்டுவையுங்கள்.