வந்த வழியை முதலில் விசாரியுங்கள்



2023 மார்ச் மாதம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று சில வீடியோக்கள் பரவின. பீகார் சட்டமன்றம் வரை விவகாரம் போனது. அங்கிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்தது. சென்னையை அடுத்த படப்பையிலும் ஒரகடத்திலும் வாடகை அறைகளில் தங்கி ஷிப்டுக்குப் போகும் வடமாநிலப் பிள்ளைகளுக்கு அந்த வாரம் வீட்டிலிருந்து எப்படிப்பட்ட போன் வந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

அவற்றில் இரண்டு வீடியோக்களைப் பற்றித் தமிழகக் காவல்துறையின் அன்றைய டிஜிபி சைலேந்திரபாபு விளக்கம் கொடுத்தார். ஒன்று பீகார் தொழிலாளர்களே இரு பிரிவாகப் போட்டுக்கொண்ட சண்டை. மற்றது கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. சண்டை உண்மை, அதன்மேல் ஒட்டிய தலைப்பு பொய். டீப்ஃபேக் எனப்படும் செயற்கை நுண்ணறிவுப் போலி வீடியோக்களைக் கண்டறியும் எந்த மென்பொருளும் இதைப் பிடித்திருக்காது.

மென்பொருள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உதாரணமாக, ஜேபெக் வடிவப் படம் 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகச் சுருக்கப்படுகிறது. வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டிய துண்டின் கட்டங்கள் பெரும்பாலும் சுற்றியுள்ளவற்றோடு பொருந்தாமல் விலகி நிற்கும், அதுதான் துப்பு. ஆனால் நாலு பேர் கைமாறி வாட்ஸ்அப்பில் வருவதற்குள் படம் மறுபடி மறுபடி சுருங்கி, துப்பும் மங்கிவிடுகிறது. வீடியோவிலும் மென்பொருளுக்கு எல்லை உண்டு. பேஸ்புக் நடத்திய டீப்ஃபேக் கண்டறியும் போட்டியின் முடிவு 2020-இல் வந்தது. பொதுச் சோதனையில் அதிகபட்சத் துல்லியம் 82.56 சதவீதம். போட்டியாளர்கள் பார்த்தேயிராத வீடியோக்களில் முதலிடம் பிடித்த கணினி மாதிரிக்கே 65.18 சதவீதம்தான். என்னை உறுத்திக்கொண்டே இருக்கும் எண் இது.

பட்டம் பெறும் நீங்கள் நாளை வேலைக்குச் சேரும் ஆலையில் கேமரா ஒரு பாகத்தை ‘என்ஜி’ (சரியில்லை) என்று தள்ளினால், யாராவது அதைக் கையிலெடுத்து அளந்து பார்ப்பார்கள். ஒரு மனிதரின் மானத்தைத் தொடும் வீடியோவுக்கு அந்தக் கவனம்கூட வேண்டாமா? காட்சியை நிறுத்துங்கள். கடைப் பலகையின் எழுத்தையும் வண்டி எண்ணையும் பாருங்கள். அந்த ஒரு படத்தை வைத்து இணையத்தில் தேடுங்கள். 2024 மார்ச்சில் தொடங்கிய ‘டீப்ஃபேக்ஸ் அனாலிசிஸ் யூனிட்’ தமிழிலும் வாட்ஸ்அப் வழியே இத்தகைய வீடியோக்களை வாங்கி ஆராய்கிறது.

ஆராய்ச்சிக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: நம் மக்களின் முகங்களிலும், வாட்ஸ்அப்பில் நசுங்கி வரும் வீடியோக்களிலும் சோதித்த கருவியை உருவாக்குங்கள். மற்றவர்களிடம் கேட்பது இதுதான்: பக்கத்து அறை பீகார் தம்பி பயந்துபோய் ஒரு வீடியோவைக் காட்டினால், கூட உட்கார்ந்து அது எங்கே, எப்போது எடுத்தது என்று தேடிக் கொடுங்கள்.