செய்யலாமா, செய்ய வேண்டுமா? – நுனித்தோல் நீக்கமும் பெற்றோரின் மொழியும்



தமிழ் மேடைகள் பேசத் தயங்கும் பொருளொன்றை இன்று எடுத்துக்கொண்டுள்ளோம். ஆண் குழந்தையின் குறி நுனியை மூடியிருக்கும் தோலை அகற்றுவது பற்றிப் பெற்றோர் எவ்வாறு முடிவெடுப்பது என்பதே அது. நாம் மருத்துவர் அல்லோம். சொல்லையும் பொருளையும் ஆய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டோம். ஆயினும், ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டதால் ஒரு குடும்பம் இரவு முழுதும் உறங்காதிருந்ததை நம் இல்லத்திலேயே கண்டோம்.

நம் மகள்வழிப் பேரனுக்கு அப்போது இரண்டு மாதம். பாட்டி அவனைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, நுனித்தோல் பின்னே நகரவில்லை என்பதைக் கவனித்தார். மருந்தகம் ஒன்றில் காட்டியபோது, “ஃபைமோசிஸ்; தோலை எடுத்துவிடலாம்” என்றார்கள். நம் மகளின் காதில் முதற்சொல் நோயின் பெயராகவும், அடுத்த சொற்றொடர் கட்டளையாகவும் விழுந்தன. மறுநாள் குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு, “இவனுக்கு ஒரு நோயுமில்லை” என்றார். இவ்விரண்டு சொற்களைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

முதலில் பெயர்கள். ‘சுன்னத்து’ என்பது நெறி, வழக்கு எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மலாய்மொழியின் ‘சுனாட்’டும் அதன் உடன்பிறப்பே. கிறித்தவத் திருமறைத் தமிழில் வழங்கும் ‘விருத்தசேதனம்’ என்பதற்கு வட்டமாக வெட்டுதல் என்பது பொருள். முன்னது நெறியைச் சொல்கிறது. பின்னது வெட்டைச் சொல்கிறது. அகற்றப்படுவது எது என்பதை இரண்டுமே சொல்வதில்லை. ஆதலால் மருத்துவம் பேசுமிடத்து ‘நுனித்தோல் நீக்கம்’ என்றே ஆளுகிறோம்.

‘ஃபைமோசிஸ்’ கிரேக்கச் சொல். விலங்கின் வாய்க்குப் பூட்டும் வாய்க்கூட்டைக் குறிக்கும் சொல்லடியிலிருந்து பிறந்தது. மருத்துவர்கள் இதை இருவேறு நிலைகளுக்கு வழங்குகின்றனர். ஒன்று, பிறவியிலேயே நுனித்தோல் உள்மொட்டோடு ஒட்டியிருக்கும் இயல்புநிலை. மற்றது, தழும்பேறித் தோல் இறுகிப்போன நோய்நிலை. முன்னதை ‘ஒட்டுநிலை’ என்றும் பின்னதை ‘இறுக்கநோய்’ என்றும் பிரித்து வழங்கினால் பாதி அச்சம் அகலும்.

ஒட்டுநிலை எத்துணைப் பொதுவானது? பிரிட்டன் குழந்தை மருத்துவர் டக்லஸ் கெய்ர்ட்னர் 1949இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்த குழந்தைகளுள் 4 விழுக்காட்டினர்க்கே தோல் முழுமையாகப் பின்னே நகர்ந்தது. டென்மார்க்கின் பள்ளிச் சிறுவர்களை ஆராய்ந்த யாக்கோப் ஓஸ்டர் 1968இல் காட்டியபடி, 6, 7 வயதில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர்க்கு இருந்த இறுக்கம், 16, 17 வயதில் 1 விழுக்காடாகக் குறைந்தது. காலமே பிரித்துவிடும் ஒன்றைக் கையால் பிரிக்க வேண்டா. எண்ணெயிட்டு வலிந்து இழுத்தால் தோல் கிழியும். கிழிந்த இடம் தழும்பேறும். இல்லாத இறுக்கநோய் அதனாலேயே உண்டாகும். வெளிப்புறத்தை நீரால் கழுவுவதே குழந்தைக்குப் போதுமானது.

தோலில் வெண்ணிறத் தழும்பு, சிறுநீர் கழிக்கையில் வலி, மீண்டும் மீண்டும் அழற்சி ஆகியவை தோன்றினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அப்போதும் பலருக்குச் சில கிழமைகள் ஸ்டீராய்டு களிம்பு தடவுவதே பயன் தருகிறது. பின்னே இழுத்த தோல் திரும்பி வராமல் வீங்கிவிட்டால் மட்டும் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இனி இரண்டாம் சொல்லுக்கு வருவோம். தமிழில் ‘-லாம்’ என்னும் ஈறு மூன்று பணி செய்கிறது. “உள்ளே வரலாம்” என்பது இசைவு. “மழை வரலாம்” என்பது இயலுமை. “வாருங்கள், போகலாம்” என்பது தூண்டுதல். “எடுத்துவிடலாம்” என்று மருத்துவர் சொல்லும்போது இம்மூன்றுள் எது? பெரும்பாலும் அவர் இசைவைச் சொல்கிறார். பெற்றோர் தூண்டுதலாகக் கேட்கின்றனர்.

உலக மருத்துவ அமைப்புகளின் கருத்து வேறுபாடும் இவ்வீற்றின் வேறுபாடே. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல், நன்மை தீங்கினும் மிகுதி, எனினும் எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கும் அளவிற்கன்று என்றது, அதாவது ‘செய்யலாம்’. கனடியக் குழந்தை மருத்துவச் சங்கம் 2015இல், எல்லார்க்கும் வழக்கமாகச் செய்யப் பரிந்துரைக்கவில்லை என்றது. அதாவது ‘செய்ய வேண்டியதில்லை’. நெதர்லாந்தின் மருத்துவச் சங்கம் 2010இல், மருத்துவக் காரணமின்றிச் செய்வதைத் தவிர்க்குமாறு வலியுறுத்தியது. அதாவது ‘செய்ய வேண்டா’. எந்த அமைப்பும் நலமான குழந்தைக்குச் ‘செய்தே ஆக வேண்டும்’ எனவில்லை.

நன்மைகளை மறைத்தலும் முறையன்று. சிறுநீர்த் தொற்று குறைகிறது. ஆனால் நலமான ஆண் குழந்தைகளுக்கு அத்தொற்றே அரிதாதலின், ஒரு தொற்றைத் தவிர்க்க ஏறத்தாழ 100 குழந்தைகளுக்குச் செய்ய வேண்டியிருக்கும். சிறுநீர்ப் பாதையில் குறையுள்ள குழந்தைக்கோ இந்நன்மை பெரிது. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய மூன்று நாட்டு ஆய்வுகளில், பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. பரவுவது ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் அதனை ஏற்றது. ஆயினும் அந்நோய் மிகுந்த நாடுகளையே முதன்மையாக நோக்கி ஏற்றது. அவ்வாய்வுகளில் பங்கேற்றோர் கைக்குழந்தைகள் அல்லர். தாமே இசைவளித்த வளர்ந்த ஆடவர்.

தீங்குகள் குருதிப்போக்கு, தொற்று, தோல் மிகையாகவோ குறைவாகவோ நீக்கப்படுதல், சிறுநீர்த்துளை சுருங்குதல் என்பன. கைதேர்ந்தவர் செய்யுமிடத்து இவை அரிதானவை, பெரும்பாலும் சிறியவை. சிறுநீர்த்துளை நுனியில் அமையாது கீழ்ப்புறம் அமைந்த குழந்தைக்கு இதனைச் செய்யலாகாது. பின்னர்ச் செய்யும் சீரமைப்பிற்கு அத்தோலே தேவைப்படலாம். குறைமாதக் குழந்தைக்கும் நோயுற்ற குழந்தைக்கும் தள்ளிப்போட வேண்டும். குருதி உறையாக் குறை குடும்பத்தில் உண்டா என்பதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். இதனால் உடன்பிறந்தார் இருவர் இறந்திருப்பின் மூன்றாமவனுக்குச் செய்யற்க என யூதர்களின் தால்முது பழங்காலத்திலேயே விதித்துள்ளது. சமயக் கடமையும் மருத்துவ விழிப்பும் பகையல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நம் இசுலாமிய உடன்பிறப்புகளுக்குச் செய்வதா என்பது கேள்வியன்று. அது அவர்தம் நெறி. அவர்கள் கேட்க வேண்டியவை எப்போது, எங்கே, யார் கையால், எவ்வகை வலிநீக்கத்தோடு என்பனவே. கைக்குழந்தைக்கு வலி தெரியாது என்பது தவறு. நாவில் தடவும் சருக்கரை நீர் மட்டும் போதாது. மரத்துப்போகச் செய்யும் மருந்து வேண்டும்.

பிற பெற்றோர்க்கு நாம் பரிந்துரைப்பது மூன்று கேள்விகள். “இது ஒட்டுநிலையா, இறுக்கநோயா? செய்யலாம் என்கிறீர்களா, செய்ய வேண்டும் என்கிறீர்களா? இப்போது செய்யாவிடில் என்ன ஆகும்?” இவற்றைத் தமிழிலேயே கேளுங்கள். மருத்துவர் தமிழறியாதவராயின் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள். கூச்சம் கருதி வாய்மூடியிருப்பின், நம் பொருட்டு முடிவைப் பிறர் எடுப்பர்.

நம் பேரனுக்கு இப்போது ஏழு வயது. அவன் பாட்டி எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். காலம் தன் பணியைச் செய்துகொண்டது. வேறொரு குழந்தைக்கு வேறொரு விடை பொருந்தக்கூடும். எவ்விடையாயினும் அது கேட்டுப் பெற்ற விடையாக இருக்கட்டும்.